ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன்பக்க சஸ்பென்ஷன்: சென்னையில் பாகம் தேடுபவர்களுக்கு

போன ஐப்பசி மழையில், அடையாறில் ஒரு தெருமுனையில் திரும்பும்போது எங்கள் 1970 ஹெரால்டு காரின் இடது முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிட்டது. வேகம் 15 கிலோமீட்டர்கூட இருக்காது. சக்கரத்தைத் தாங்கி நிற்கும் வெர்டிகல் லிங்க் என்கிற நிமிர்ந்த இரும்புத் துண்டு, மரை தொடங்கும் இடத்தில் இரண்டாக முறிந்திருந்தது. அதே முறிவு முதல் நாள் கத்திப்பாரா மேம்பாலத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு சில்லிடுகிறது. உடைந்த துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து கழுவிப் பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி கறுத்துத் துருவேறிப் போயிருந்தது, மீதிப் பாதி வெள்ளி மாதிரி பளபளத்தது. அதாவது விரிசல் பல மாதங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. அன்றைக்கு மிச்சமிருந்த பாதியும் கைவிட்டது, அவ்வளவுதான்.

வண்டி மறுபடி ரோட்டுக்கு வர நாலரை மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் தவறான பாகங்களை வாங்கித் திருப்பிக் கொடுத்ததிலேயே போனது. நீங்களும் அந்த அலைச்சலைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஹெரால்டுக்குப் பின் அதே கம்பெனி விட்ட ஸ்டாண்டர்டு கசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. எதில் ஆட்டம் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் லிங்கின் மேல்முனையில் பால் ஜாயின்ட், அல்லது கீழ்முனையில் ட்ரன்னியன். கைவிளக்கை அடித்துப் பார்த்தால் எது அசைகிறது என்று கண்ணுக்கே தெரியும். பானட் முழுதாக முன்பக்கம் கவிழும் வண்டி என்பதால் பார்ப்பது சுலபம்.

ட்ரன்னியன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வெர்டிகல் லிங்கின் கீழ்முனையில் மரை இருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் லிங்க் அதற்குள் திருகிச் சுழல்கிறது. உள்ளே எண்ணெய் வறண்டுவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துப் பிடிக்கும், லிங்க் முறுக்கப்படும், ஒருநாள் முறியும். ஸ்டியரிங் வழக்கத்தைவிட கனமாக இருக்கிறது, திருப்பத்துக்குப் பிறகு தானாக நேராக வர மறுக்கிறது என்றால் பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் வண்டி அதை ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

2. அளவும் படமும் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்

"ஹெரால்டு சஸ்பென்ஷன் சாமான் இருக்கா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் இரண்டே பதில்தான்: "இல்லை", அல்லது "அம்பாசடரோடது போட்டுக்கலாம் சார்". இரண்டாவது பதிலை நம்பாதீர்கள். அம்பாசடரின் முன்பக்க அமைப்பே வேறு, காயில் ஸ்பிரிங்கே கிடையாது, டார்ஷன் பார்.

கழற்றும்போதே செய்ய வேண்டியவை: ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுங்கள். இடது, வலது என்று தனித்தனிப் பையில் போட்டு எழுதி வையுங்கள். கீழ் விஷ்போனின் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கவட்டை வடிவக் கையின்) பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் இருக்கும். எந்தப் பிராக்கெட்டில் எத்தனை தகடு என்று எண்ணி எழுதி, அந்தந்தப் பையிலேயே போடுங்கள். சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பது அவைதான். எங்கள் முதல் பட்டறையில் நான்கு பிராக்கெட்டின் தகடுகளையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய மட்டும் இரண்டு நாள் அலைன்மென்ட் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இந்த வண்டியின் போல்ட்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் வராது. யு.என்.எஃப்., யு.என்.சி. என்ற அங்குல மரை. மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டதே என்று விட்டால் மரை போச்சு. சஸ்பென்ஷனுக்கு வாங்கும் போல்ட்டின் தலையில் மூன்று கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது கிரேடு 5. ஒரு கோடும் இல்லாத சாதா போல்ட்டை இங்கே போடக் கூடாது.

3. எதை இங்கே வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

வீல் பேரிங்: இங்கேயே வாங்குங்கள். பழைய டேப்பர் ரோலர் பேரிங்கைத் துடைத்தால் விளிம்பில் எண் வெட்டியிருக்கும். அந்த எண்ணைப் பாரிமுனைப் பக்கம் பேரிங் கடைகளில் காட்டினால் போதும், வண்டியின் பெயரே சொல்ல வேண்டாம். சொன்னால் "பழைய வண்டியா?" என்று விலை ஏறவும் கூடும். ஹப்பில் இருக்கும் ஃபெல்ட் சீலை, அதே தடிமன் ஃபெல்ட் வாங்கி வெட்டிக்கொள்ளலாம். எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள்.

ரப்பர் புஷ்: மேல், கீழ் விஷ்போன்களின் உள்முனைகளில் மொத்தம் எட்டு. அம்பத்தூரில் சிறிய ரப்பர் மோல்டிங் பட்டறைகள் மாதிரி கொடுத்தால் செய்து தருவார்கள். அச்சுக்குத் தனிக் காசு கேட்பார்கள், குறைந்தது இத்தனை எண்ணிக்கை எடுக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அச்சுக்கு 4,000, புஷ் ஒன்றுக்கு 180 ரூபாய் ஆனது. 24 எடுத்து, மீதியை இரண்டு ஹெரால்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். நசுங்கிப்போன புஷ்ஷை மாதிரியாகக் கொடுத்தால் நசுங்கிய அளவிலேயே செய்து தருவார்கள். எட்டில் நல்லதாக இருக்கும் ஒன்றைத் தேடிக் கொடுங்கள்.

ஷாக் அப்சார்பர்: உங்களுடையது பிரித்துச் செய்யக்கூடிய வகை என்றால் சீல் மாற்றி எண்ணெய் நிரப்பித் தருபவர்கள் உண்டு. தண்டில் குழி விழுந்திருந்தால் அந்தச் செலவு வீண்.

பால் ஜாயின்ட்: "ரீகண்டிஷன்" செய்து தருகிறேன் என்பார்கள். வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

ட்ரன்னியன்: லேத்துப் பட்டறையில் கன்மெட்டல் உருளையிலிருந்து கடைந்து தருகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மரை எடுத்தது என்னுடைய தேய்ந்த லிங்கை அளவாக வைத்து. நல்ல லிங்கில் அது ஏறவே இல்லை. 3,500 ரூபாய் போனது. இடது ட்ரன்னியனும் வலது ட்ரன்னியனும் எதிரெதிர் மரை என்பதையும் மறக்காதீர்கள். ஒன்றைப் பார்த்து இரண்டு செய்தால் ஒன்று குப்பைக்குத்தான்.

4. புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான். ஹெரால்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைப்பது அநேகமாக பிரேக் ரப்பர், ஹோஸ், போல்ட் வகையறாதான். எப்போதாவது ஒரு பழைய கடையின் பரண் மேல் கம்பெனி அட்டைப்பெட்டியோடு ஏதாவது இருக்கும். கேட்பதில் தவறில்லை.

புதுப்பேட்டைக்கு வாரநாளில் காலை 11 மணிக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். உடைந்த பாகத்தைத் துடைத்துக் கையில் எடுத்துப் போங்கள். போனில் படம் காட்டினால் அளவு தெரியாது. முதல் கடைக்காரர் இல்லை என்றாலும் யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "அண்ணே, யார்கிட்ட கேட்டா கிடைக்கும்?" என்று கேளுங்கள். எனக்கு மூன்றாவது நாள், நாலாவது ஆள் மூலமாகக் கிடைத்தது.

முன்பணம் கொடுக்காதீர்கள். "நாளைக்கு குடோன்லேர்ந்து எடுத்துட்டு வர்றேன், ஆயிரம் கொடுங்க" என்றவர் இரண்டு வாரம் போனே எடுக்கவில்லை. வாங்கும்போது, சோதனையில் விரிசல் தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். கையால் எழுதிய துண்டுச்சீட்டாக இருந்தாலும் பில் வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

5. பழைய வெர்டிகல் லிங்க் வாங்கினால் டை டெஸ்ட் செய்யாமல் மாட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். இந்த விரிசல் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

டை பெனட்ரன்ட் டெஸ்ட் என்று கேட்டால் வெல்டிங் சாமான் விற்பவர்களுக்குத் தெரியும். மூன்று ஸ்பிரே டப்பா: துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து தருபவர்களும் இருக்கிறார்கள். நான் டப்பா வாங்கி வீட்டிலேயே செய்தேன். லிங்கில் ஒட்டியிருக்கும் பிசுக்கு, பெயின்ட் எல்லாம் சுத்தமாகப் போக வேண்டும். மரைக்கு மேலே இருக்கும் கழுத்தில் சிவப்பை அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். துணியால் துடையுங்கள், பிறகு வெள்ளையை மெல்லிசாக அடியுங்கள். புதுப்பேட்டையில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய லிங்கை அப்படித்தான் வராண்டாவில் நிறுத்தி வைத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை, சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாகவே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து, மரையின் கடைசிச் சுற்றுக்கு ஒட்டினாற்போல், தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. அரை வட்டம். பேசி வைத்திருந்தபடி கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். பேசாமல் விட்டிருந்தால் எடுத்திருக்க மாட்டார்.

விரிசல் உள்ள லிங்கை வெல்டு அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், சம்மதிக்காதீர்கள்.

கடைசியில் எனக்கு நல்ல லிங்க் கிடைத்தது கோயம்புத்தூரில், பிரித்து விற்ற ஒரு கசலிலிருந்து. சொல்லி அனுப்பியவர் இன்னொரு ஹெரால்டுக்காரர். இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிக்குப் போய் ஹெரால்டு எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதன் சொந்தக்காரரிடம் பேசுங்கள். முதல் வாரத்திலேயே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

6. இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது

ட்ரன்னியன், அதற்கான புஷ் செட், பால் ஜாயின்ட் மூன்றையும் நான் அங்கிருந்துதான் வாங்கினேன். நம்முடைய ஹெரால்டு அங்கே ட்ரையம்ஃப் ஹெரால்டு. அதே முன்பக்க அமைப்பை ட்ரையம்ஃப் கம்பெனி தன் ஸ்பிட்ஃபயர் காரிலும் பயன்படுத்தியதால் பாகங்கள் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆர்டர் போடுமுன் கவனிக்க வேண்டியவை உண்டு.

உங்கள் வண்டிக்கு முன்பக்கம் டிரம் பிரேக் என்று எழுதிக் கேளுங்கள். ஸ்பிட்ஃபயருக்கு டிஸ்க். பால் ஜாயின்ட்டுக்கு இது பொருட்டல்ல, ஆனால் லிங்க், ஸ்டப் ஆக்சில் (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) பக்கம் போனால் பொருட்டு. ட்ரையம்ஃபின் விட்டெஸ், ஜி.டி.6 வண்டிகளின் லிங்க் கனமானது, அது வேண்டாம்.

விலையில் அந்த ஊர் வாட் வரி 20 சதவீதம் சேர்ந்திருக்கும். நாட்டுக்கு வெளியே அனுப்பும் பொருளுக்கு அது கிடையாது. வலைத்தளம் தானாகக் கழிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். 120 பவுண்டு என்று போட்டிருந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது 100.

நம் பக்கம் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கூரியர் கட்டணத்தையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த தொகைக்கு. அந்த வரியையும் சேர்த்த தொகையின் மேல் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கூரியர் கம்பெனியின் கிளியரன்ஸ் கட்டணம். வரி விகிதம் அடிக்கடி மாறுவதால் ஆர்டர் போடும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். என் ஆர்டருக்கு எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது. அதில் பாகங்களின் விலை பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எனவே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழையுங்கள்.

"கிஃப்ட்னு போடச் சொல்லுங்க, வரி வராது" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் பெட்டி சுங்கத்தில் நின்றுவிடும், விளக்கம் எழுதி முடிப்பதற்குள் தாமதக் கட்டணம் ஏறும். உண்மையான இன்வாய்ஸ், ஆதார் அல்லது பான் நகல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் போனில் தயாராக வைத்திருங்கள். கே.ஒய்.சி. கேட்டு கூரியரிலிருந்து செய்தி வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். நான் அதை மோசடிச் செய்தி என்று நினைத்து நான்கு நாள் விட்டுவிட்டேன். கூரியர் கம்பெனியின் தளத்தில் டிராக்கிங் எண்ணைப் போட்டுச் சரிபார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஆர்டரிலிருந்து கைக்கு வர 19 நாள்.

7. மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

ஸ்பிரிங்கைப் பிரிக்க ஸ்பிரிங் கம்ப்ரஸர் கட்டாயம். கம்பியைச் சுற்றிக் கட்டிப் பிரிக்கும் பட்டறையாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அழுந்திய ஸ்பிரிங் எகிறினால் முகம் தப்பாது.

ட்ரன்னியனை லிங்கில் முழுதாகத் திருகி இறுக்கி அப்படியே விட்டுவிடக் கூடாது. முழுதாக ஏற்றிவிட்டு, விஷ்போனில் பொருந்தும் முதல் நிலைவரை பின்னால் திருப்ப வேண்டும். மாட்டியபின் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், எங்கும் பிடிக்கக் கூடாது.

விஷ்போன் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். இதைச் சொன்னால் சில மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, பக்குவமாகச் சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு பக்கத்துக்கும் கூலி 6,500, அலைன்மென்ட் தனி. வேலை இரண்டு நாள்.

8. காகிதங்கள்

சஸ்பென்ஷன் பாகம் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை. ஆர்.சி.யில் எஞ்சின், சேஸிஸ் எண்கள் போன்றவைதான் பதிவாகும், சஸ்பென்ஷன் பாகங்கள் அல்ல. ஆனால் 15 ஆண்டு கடந்த வண்டியின் ஆர்.சி.யை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்ட வேண்டும், ஸ்டியரிங் ஆட்டத்தையும் பார்ப்பார்கள். புதுப்பிப்பு நெருங்கினால் இந்த வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் வராது. முறிவால் வேறு சேதம் ஆகி க்ளெய்ம் போட நேர்ந்தால் பராமரிப்பைக் காட்டப் பில்கள் உதவும்.

50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். வேறு வண்டியின் முன்பக்கத்தை வெட்டி ஒட்டும் யோசனை யார் சொன்னாலும் இதற்காகவும் மறுத்துவிடுங்கள். விண்டேஜ் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

9. கிரீஸ் அல்ல, ஆயில்

ட்ரன்னியனுக்கு இ.பி. 90 கியர் ஆயில். உள்ளே இருப்பது பித்தளை என்பதால் ஜி.எல். 4 வகையாகக் கேட்டு வாங்குங்கள். கிரீஸ் துப்பாக்கியைக் கழுவி அதில் இந்த ஆயிலை நிரப்பி அடிக்கலாம். துப்பாக்கி ஒழுகும், கீழே பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பில் ஆயில் கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் அடித்தால் நாளடைவில் உள்ளே கட்டிதட்டி மரையின் பள்ளங்களை அடைத்துவிடும், எண்ணெய் இறங்காது. எங்கள் வண்டியைப் பல ஆண்டுகள் சர்வீஸ் செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடித்திருக்கிறார்கள்.

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறேன். வெள்ளத்தில் ஹப் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் போக நேர்ந்தால் அந்த வாரமே இன்னொரு முறை. இப்போது ட்ரன்னியனில் நிப்பிளை (துப்பாக்கி மாட்டும் முனையை) நிரந்தரமாக விட்டு வைப்பதில்லை. ஆயில் அடித்ததும் கழற்றிவிட்டு பிளக் போட்டுவிடுகிறேன். பானட்டுக்கு உள்பக்கம், திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், வெள்ளைப் பெயின்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: "கீழே கிரீஸ் அடிக்காதீர்கள். 90 ஆயில் மட்டும்."